பிப்பெட்டை யார் பிடிப்பது?

ஜூலையில் வகுப்பு தொடங்கும்போது பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டில் பெஞ்சுகள் நிறைந்திருக்கும். தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பும்போது பின்வரிசையில் ஆங்காங்கே இடம் காலியாகக் கிடக்கும். டெல்டாவில் உள்ள அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காலி இடங்கள் என்னை உறுத்தி வருகின்றன. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள், ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டவர்கள் என்று பலர். "அடிப்படை போதவில்லை, தாக்குப்பிடிக்க முடியவில்லை" என்பதுதான் ஆசிரியர் அறையில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நின்றவர்களின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர்களைவிடக் குறைவாக வாங்கி வந்தவர்கள் மூன்றாண்டும் முடித்துப் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள்.

சிலருடைய வீட்டுக்கே போய்ப் பேசினேன். முதலில் பணக் கஷ்டத்தைச் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் வருகிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இவையெல்லாம் கிடைத்த பிறகும் ஏன் நின்றாய் என்று சற்று நேரம் உட்கார்ந்து கேட்டால் உள்ளிருந்து இன்னொன்று வரும். கீழ்வேளூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது மேடம். நான் மட்டும் தவறுதலாக அங்கே வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது."

நானும் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அதன் பிறகு நானும் துறையில் ஒத்த மனமுள்ள சிலரும் செய்து பார்த்தவற்றை, இதே வேலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். "தைரியமாக இரு, உன்னால் முடியும்" என்று மேடையில் பேசுவதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆய்வகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன கருவி இருக்கிறது, எந்தக் கேள்வி யார் முன்னால் கேட்கப்படுகிறது என்பவற்றில்தான் ஒரு பிள்ளை இது தன் இடமா இல்லையா என்று முடிவு செய்கிறது.

ஆய்வகத்திலிருந்தே தொடங்குகிறேன். கருவிகள் போதாததால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் பருமனறி பகுப்பாய்வை (தரம்பார்த்தலை) இருவர் இருவராகச் செய்யச் சொல்வோம். இணை சேர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டை எடுத்துக்கொள்வார், இன்னொருவர் நோட்டைத் திறந்து அளவீடு எழுத ஆரம்பிப்பார். நகரத்துத் தனியார் பள்ளியில் ஆய்வகம் பார்த்தவர் முதல்வகை. கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவர் இரண்டாம் வகை, பெண்ணாக இருந்தால் இன்னும் நிச்சயமாக. யாரும் யாரையும் அதட்டுவதில்லை, தானாகவே அப்படி அமைந்துவிடும். பருவம் முழுவதும் அழகான கையெழுத்தில் ரெக்கார்டு எழுதிய பெண், செய்முறைத் தேர்வில் முதல்முறையாகத் தனியாக, கரைசலைச் சொட்டவிடும் பியூரெட் குழாய் முன்னால் நிற்கிறாள். கை நடுங்குகிறது, நிறம் மாறியதும் நிறுத்த வேண்டிய முடிவுநிலை தாண்டிவிடுகிறது. "அடிப்படை போதவில்லை" என்ற பேச்சுக்கு அங்கே ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

இதற்கு நாங்கள் கொண்டுவந்த ஏற்பாடு மிகச் சின்னது. ஒத்த மதிப்புக் கிடைக்கும்வரை தரம்பார்த்தலைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது எப்போதும் உள்ள விதி. அந்த ஒத்த மதிப்பு இருவர் கையிலிருந்தும் வர வேண்டும் என்று மாற்றினோம். முதல் அளவீட்டை ஒருவர் செய்தால் இரண்டாவதை அடுத்தவர் செய்ய வேண்டும்; இரண்டும் 0.1 மில்லி லிட்டருக்குள் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. இப்போது வேகமாகச் செய்யத் தெரிந்தவருக்குத் தன் இணைக்குக் கற்றுக்கொடுக்காமல் வேறு வழியில்லை. குழாயைத் திறக்கும்போது இடது கையை எப்படி வளைத்துப் பிடிப்பது, கடைசிச் சொட்டுகளில் எப்படிக் குடுவையைச் சுழற்றுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை மேசை மேசையாகக் கேட்கலாம். யாரிடமும் "நீ கூச்சப்படாதே" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கண்ணாடி உடைவது. உடைத்தவர் காசு கட்ட வேண்டும் என்ற பலகை பல ஆய்வகங்களில் வாசலிலேயே தொங்குகிறது. ஒரு பியூரெட் உடைந்தால் அம்மாவின் ஒரு நாள் நடவுக் கூலி போய்விடும் என்று கணக்குப் போடுகிற பிள்ளை அதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று நினைக்கும். முதல் பருவத்தில் உடைவது எதையும் யார் கணக்கிலும் எழுதுவதில்லை என்று துறையில் முடிவெடுத்து, அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்கிறோம். வெள்ளைக் கோட்டும் அப்படித்தான். கோட்டு இல்லாதவர் வெளியே நிற்க வேண்டும் என்ற வழக்கத்தால் செய்முறை வகுப்பையே தவறவிட்டவர்கள் உண்டு. படித்து முடித்துப் போகும் மாணவர்களிடமிருந்து கோட்டுகளை வாங்கித் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், திரும்ப மாட்டிவிடலாம். கேட்காமலே எடுக்கலாம் என்பதுதான் இதில் முக்கியம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய ஆதிதிராவிட மாணவர்கள் எழுந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும் என்று வாசிப்பார்கள். அறுபது பேர் நடுவே எழுந்து நிற்பவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது. அதுவரை யாருடன் சேர்ந்து சாப்பிட்டார்களோ அவர்கள் அடுத்த நாள் வேறு மேசைக்கு நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மண்ணில் இது சாதாரண விஷயம் இல்லை. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என் வகுப்பில் கரிம வேதியியல் படிக்கிறார்கள். அவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் உரிமை எந்தச் சுற்றறிக்கைக்கும் கிடையாது.

இப்போது எங்கள் துறையில் உதவித்தொகை விவரங்கள் எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே தாளில் அச்சிடப்பட்டு எல்லோருக்கும் கொடுக்கப்படுகின்றன. விண்ணப்பம் தனித்தனியாக, ஆசிரியர் அறையில். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுப்பது பற்றி நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்கிறது. கல்லூரிக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே சமத்துவத்துக்கான விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் புகார் வந்த பிறகு விசாரிப்பது ஒன்று, அவமானம் நடக்க வழியில்லாதபடி நாள்தோறும் வேலையை ஒழுங்கு செய்வது இன்னொன்று. இரண்டாவதற்குக் குழு எதுவும் தேவையில்லை.

முதலாண்டின் ஐந்தாவது ஆறாவது வாரத்தில், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுத் தாள் திரும்பி வரும்போதுதான் பலர் மனம் விட்டுப்போகிறது. அந்த வாரத்தில் மூன்றாம் ஆண்டு, எம்.எஸ்சி. மாணவர்களை முதலாண்டு வகுப்புக்கு அழைத்து வருகிறோம். இதற்கான தூண்டுதல் அமெரிக்க ஆய்வு ஒன்று. கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகிய உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள்: ஆரம்பத்தில் எங்களுக்கும் அந்நியமாகத்தான் இருந்தது, நாளடைவில் மாறியது என்பது அவற்றின் சாரம். ஒரு மணி நேர அளவிலான அந்தப் பயிற்சிக்குப் பிறகு கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் மூன்றாண்டுகளில் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களுடனான இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே வழியில் 22 கல்லூரிகளில் சுமார் 27,000 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒரு நிபந்தனையையும் காட்டியது. அந்தந்தக் கல்லூரியில் அத்தகைய மாணவர்கள் வேர்பிடிக்க உண்மையாகவே இடம் இருந்தால்தான் இந்தப் பயிற்சி பலன் தருகிறது. மண்ணில் ஈரம் இல்லாமல் நாற்றை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பிப்பெட்டையும் கோட்டையும் முதலில் சொன்னேன்.

பேச வருபவர்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கியவரை அழைத்து வந்தால் பிள்ளைகள் கைதட்டிவிட்டு, அவர் வேறு பிறவி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். முதல் பருவத்தில் இரண்டு அரியர் வைத்து, பிறகு எழுதி முடித்து, இப்போது எம்.எஸ்சி. படிப்பவர் வந்தால் கதை வேறு. "ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பாடத்தை முதலில் அதில் படித்துவிட்டுத்தான் இதைத் தொடுவேன்" என்று ஒரு மாணவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்தவர்கள்கூடக் குறிப்பெடுத்தார்கள். இன்று எங்கள் துறை நூலகத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தமிழ்ப் புத்தகங்கள் பல படிகள் இருக்கின்றன. கேள்வியைத் தமிழில் கேட்கலாம், விடையை முதலில் தமிழில் யோசித்துச் சொல்லலாம், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து தேர்வுக்கு வேண்டிய ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் அமைக்கிறோம்.

கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு என்பது நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நான்கரை மணி பஸ்ஸை விட்டால் திருத்துறைப்பூண்டி உள்கிராமத்துப் பெண் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இரண்டாவது, அந்த வகுப்புக்குப் போகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி ட்ரைஸ்மேன் என்ற கணிதவியலாளர் கவனித்ததை இங்கே நினைத்துக்கொள்வேன். நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். தனியாக உட்கார்ந்து நெடுநேரம் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் கூடிப் படித்தார்கள், ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். ட்ரைஸ்மேன் அமைத்த குழுக்களுக்கு எளிய கணக்குகள் கொடுக்கப்படவில்லை, வகுப்பில் வருவதைவிடக் கடினமானவை கொடுக்கப்பட்டன.

அதை நாங்கள் மதிய உணவு நேரத்துக்குக் கொண்டுவந்தோம். நான்கு பேர் கொண்ட குழு, ஒவ்வொன்றிலும் ஒருவராவது விடுதி மாணவர், ஒருவராவது தொலைவிலிருந்து பஸ்ஸில் வருபவர். வாரத்துக்கு ஒரு கடினமான கணக்கு. மூலக்கூறு வேகம், தாங்கல் கரைசல், வெப்ப இயக்கவியல் என்று எதுவாகவும் இருக்கும். விடையைக் குழுவில் யாரைக் கேட்டாலும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்ற பெயர் இல்லை, எல்லோருக்கும் உண்டு. இரக்கத்தால் கேள்வியை எளிதாக்கித் தரும் ஆசிரியரைப் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்; தங்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தாளைத் திருத்தும்போதும் நான் குறைகளை ஒன்றுவிடாமல் எழுதுவேன். கூடவே, இவ்வளவு எழுதுவது நீ இதைச் சரிசெய்யக் கூடியவள் என்பதால்தான் என்றும் எழுதுவேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அறிவியல் பேசினால் இராமானுஜன் வராமல் இருக்க மாட்டார். எல்லா அறிவியல் விழாவிலும் அவர் படம்தான். பேச்சாளர்கள் பிறவி மேதை என்று சொல்லி முடிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கவலை உண்டு. அமெரிக்காவில் சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் துறையினர் தங்கள் துறைக்குப் பிறவித் திறமை வேண்டும் என்று அதிகம் நம்புகிறார்களோ அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெறும் பெண்கள் குறைவாக இருப்பது தெரிந்தது. கறுப்பினத்தவர் விஷயத்திலும் அப்படியே. ஆகவே நான் இராமானுஜன் கதையின் வேறு பக்கத்தைச் சொல்கிறேன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். கல்லூரியை விட்டுப் போனார். கணிதத்தில் அப்படிப்பட்ட மாணவரையே ஒரு கல்லூரி கைநழுவவிட முடியும். இதைக் கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள்.

இதுவரை செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் ஆய்வு. முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் புழங்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். கும்பகோணத்து ஆழ்துளைக் கிணறு, விடுதித் தொட்டி, தலைஞாயிறு கைப்பம்பு எல்லாம் ஒரே மேசையில் வரிசையாக நிற்கும். மோர் (Mohr) என்பவர் பெயரிலான முறையில், உப்பின் ஒரு பகுதியான குளோரைடின் அளவு காண்கிறோம். பொட்டாசியம் குரோமேட் கலந்த மஞ்சள் கரைசலில் சில்வர் நைட்ரேட் சொட்டச் சொட்ட வெள்ளை வீழ்படிவு வரும்; குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் நிலைக்கும். சில்வர் நைட்ரேட் விலை அதிகம், ஆகையால் நீர்த்த கரைசலில் சிறிய அளவில் செய்து வீழ்படிவைச் சேமிக்கிறோம். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 1,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி கொண்டுவந்த தண்ணீருக்குப் பியூரெட் முழுவதும் காலியாகியும் செங்கல் நிறம் வரவில்லை. பத்து மடங்கு நீர்த்து மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. அதுவரை வாய் திறக்காத பெண். எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நின்றபோது, உப்பு எப்படி உள்ளே வருகிறது என்று ஒருவன் கேட்டான். அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். பேச்சு அங்கிருந்து உப்பு விளைவதற்குப் போயிற்று. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் அடர்த்தியாக்குவது, ஜிப்சம் முதலில் படிவது, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவியில் சுமார் 25 டிகிரியில் உப்புப் பூப்பது, 29 டிகிரியை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிடுவது எல்லாம் அவள் சொன்னாள். வெளியேற்றாவிட்டால் என்ன என்று கேட்டேன். "உப்பு கசக்கும் மேடம், மழைக்காலத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்." மிச்ச நீரில் தங்கும் மெக்னீசியம் குளோரைடின் நீருறிஞ்சும் தன்மையையும், உப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து படியும் பின்னப் படிகமாக்கலையும் நான் அதற்கு மேல் விளக்க வேண்டியது கொஞ்சம்தான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவளிடம் நான் "உன் வீட்டில் என்ன தொழில்" என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஏழைப் பிள்ளையை எழுப்பி அவள் ஊரை விவரிக்கச் சொன்னால் அவள் காட்சிப்பொருளாகிவிடுவாள். எல்லோர் வீட்டுத் தண்ணீரும் மேசைக்கு வந்தது. பேசுவது அவரவர் விருப்பம்.

நாட்காட்டியும் ஒரு தடை. சம்பா நடவு, தை அறுவடை நாட்களில் வீட்டில் கை தேவைப்படும். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. பருவத் தேர்வு நடப்பதும் அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டச் சொல்வதும் ஏறக்குறைய அந்த வருமானமில்லாத காலத்தில்தான். கட்டணத்துக்கு ஜூலை வரை அவகாசம் கேட்டுத் துறையிலிருந்தே கல்லூரி முதல்வருக்கு எழுதுகிறோம். மாணவர் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. விட்டுப்போன செய்முறைகளை ஈடுசெய்யப் பருவத்துக்கு இரண்டு முறை பகல் நேரத்தில் ஆய்வகம் திறந்திருக்கும். காரணம் கேட்பதில்லை.

கடைசியாக, படித்து முடித்த பிறகு எங்கே போகலாம் என்ற தகவல். திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அதைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிற எங்கள் மாணவர்களில் பலருக்கு, அங்கே எம்.எஸ்சி. சேர ஒரு பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும் என்பது தெரிவதில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வும் அப்படித்தான். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதில் கட்டணம் குறைவு. விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்குகிறது, தேர்வு பிப்ரவரியில். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் தமிழக அரசின் சாதிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், அது கைக்கு வர நாளாகும். ஆகஸ்ட் மாதத்திலேயே மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் துறைக் கணினி முன் உட்காரவைத்து, அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்கிறோம். புகைப்படமும் கையெழுத்தும் ஸ்கேன் செய்து ஒவ்வொருவர் பெயரிலும் கோப்பாக வைத்துக்கொள்கிறோம். கட்டணம் கட்ட வங்கி அட்டை இல்லாதவர்களுக்கு யாராவது ஆசிரியர் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்கிறோம். இதை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்று மாணவர்களே இப்போது சொல்கிறார்கள். வரும் பருவத்திலிருந்து அப்படிச் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம்.